விபத்தில் அடிபட்ட காரைத் "தட்டி நேராக்கினால் போதும்" என்கிறது இன்சூரன்ஸ், பாகத்தை மாற்றச் சொல்கிறது ஒர்க்ஷாப். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேர் பேச்சையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். காரைத் தயாரித்த கம்பெனி என்ன சொல்கிறது என்று பாருங்கள். எந்தப் பாகத்தை நிமிர்த்தலாம், எதை மாற்றியே ஆக வேண்டும், எங்கே வெட்டி எங்கே வெல்டு வைக்க வேண்டும் என்று அவர்கள் எழுதியே வைத்திருப்பார்கள். உங்கள் மாடலுக்கான அந்தப் பக்கத்தை ஒர்க்ஷாப்பில் கேட்டு வாங்கி, கிளெய்ம் எண் போட்டு இன்சூரன்ஸுக்கு மெயில் அனுப்புங்கள். "இந்த முறைப்படி செய்ய ஒப்புதல் உண்டா? இல்லையென்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். போனில் அடித்துப் பேசுகிறவர்கள்கூட எழுத்தில் கேட்டால் யோசிப்பார்கள்.

என் காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தபோது நான் செய்ததும் இதுதான். வெளியே பார்த்தால் பம்பரில் கீறலும் லேசான பள்ளமும்தான். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சார்பில் வந்த சர்வேயர் பம்பரைக் கழற்றாமலே போட்டோ எடுத்து, பெயின்டுக்கு மட்டும் எஸ்டிமேட் போட்டுவிட்டார். கழற்றினால், உள்ளே இருக்கும் இரும்புப் பட்டை ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது, அதைத் தாங்கும் சட்டத்தில் துணி கசங்கினாற்போல ஒரு மடிப்பு. பிளாஸ்டிக் பம்பர் வளைந்துவிட்டுப் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும், உள்ளே இருக்கும் இரும்பு திரும்பாது. அதனால் கழற்றிய பின் எடுத்த படங்களை வைத்துக் கூடுதல் எஸ்டிமேட் கேளுங்கள். அது வழக்கமாக நடப்பதுதான், யாரும் செய்யும் சலுகை இல்லை.

இதில் ஏன் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றால், இன்றைய கார்களில் முன்பின் பகுதிகள் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படியும், நாம் உட்காரும் கூடு நசுங்காமல் நிற்கும்படியும் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். கூட்டில் இருக்கும் அதிவலுவான எஃகைச் சூடாக்கி நிமிர்த்தினால் அதன் வலு போய்விடும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அமெரிக்காவில் ஒரு ஹோண்டா ஃபிட் காரின் கூரையை வெல்டு வைக்காமல் பசையால் ஒட்டியிருந்தார்கள். பின்னால் அந்தக் கார் விபத்தில் சிக்கி, அதில் இருந்த தம்பதிக்குப் படுகாயம். வழக்கில் 2017ல் டல்லாஸ் ஜூரி, ஒட்டிய ஒர்க்ஷாப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இன்சூரன்ஸ் பேச்சைக் கேட்டுக் குறுக்குவழியில் போக நினைக்கும் ஒர்க்ஷாப்காரர்களும் அதைப் படிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்ட வேண்டாம். பக்கக் கண்ணாடியின் மூடி, அலங்காரப் பட்டை மாதிரி விஷயங்களில் வேறு கம்பெனி பார்ட்ஸ் வந்தால் வரட்டும். ஏர்பேக், சீட் பெல்ட், காரைத் தாங்கும் இரும்புச் சட்டம் இவற்றில் மட்டும் கறாராக இருங்கள். விபத்தில் இழுத்து இறுகிய பெல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. அப்புறம், தானாகப் பிரேக் போடும் வசதி இருந்தால், முன் கண்ணாடியையோ பம்பரையோ கழற்றி மாட்டிய பின் கேமராவையும் ரேடாரையும் மறுபடி அளவீடு (கேலிபரேஷன்) செய்ய வேண்டிவரும். அந்தச் செலவை எஸ்டிமேட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அந்த அளவீட்டு ரிப்போர்ட் கைக்கு வராமல் "வேலை திருப்தி" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.