டேட்டாபேஸ் அட்மின் வேலையில் உண்மையான சிரமம் எது?

கேள்வி: டிபிஏ வேலையில் தினமும் என்ன செய்வார்கள், கஷ்டம் எங்கே இருக்கிறது?

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல்லில் பெயர்கள் மாறும், தலைவலி பெரும்பாலும் இதேதான்.

யூசர் உருவாக்குவது, பர்மிஷன் கொடுப்பது, பேட்ச் போடுவது எல்லாம் நேரத்தைத் தின்னும், ஆனால் கடினமில்லை. ஆளைப் பிழிந்தெடுப்பது லாக், அதாவது ஒருவர் வேலை முடியும்வரை மற்றவரைக் காக்க வைக்கும் பூட்டு.

பெரிய டேபிளில் ஒரு ஃபீல்டு சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேபிளை முழுக்கத் திருப்பி எழுதத் தேவையில்லாதபோது ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) மில்லிசெகண்டில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு வேறு யாரும் டேபிளைப் படிக்கக்கூட விடாத ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ் லாக் வேண்டும். அந்த நேரம் பார்த்து யாராவது அதே டேபிளில் 40 நிமிட ரிப்போர்ட் ஓட்டிக்கொண்டிருந்தால் ஆல்டர் காத்துக் கிடக்கும். அதற்குப் பின்னால் வரும் சாதாரண செலக்ட்களும் (டேட்டாவைப் படிக்கும் குவெரிகள்) வரிசையில் மாட்டிக்கொள்ளும். கனெக்‌ஷன்கள் குவிந்து உச்சவரம்பைத் தொடும் (டீஃபால்ட் 100). உடனே "டேட்டாபேஸ் டவுன்" என்று போன் வரும். சிபியுவோ சும்மா கிடக்கும். புதிதாக வந்தவர்கள் குழம்புவது இங்கேதான்.

பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூவில் யார் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் ஃபங்ஷனில் யார் யாரைத் தடுக்கிறார்கள் என்பது தெரியும். முதலில் ஆல்டரை கேன்சல் செய்தால் போதும், வரிசை கலைந்துவிடும். ப்ராசஸை வலுக்கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 மட்டும் வேண்டாம். ஒரு பேக்கெண்ட் ப்ராசஸ் (ஒரு கனெக்ஷனைக் கவனிப்பது) அப்படிச் செத்தால் போஸ்ட்மாஸ்டர் என்ற தலைமை ப்ராசஸ் எல்லா கனெக்‌ஷனையும் அறுத்துவிட்டு கிராஷ் ரெக்கவரிக்குப் போய்விடும். அடுத்த முறை ஆல்டருக்கு முன்னால் லாக்_டைம்அவுட்டை (லாக்குக்குக் காத்திருக்கும் நேர வரம்பு) 2 செகண்டாக வைத்து, லாக் கிடைக்காவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலுங்கள்.

டிஸ்க் நிரம்புவது இன்னொரு நிரந்தரத் தொல்லை. ரெப்ளிகாவைக் (டேட்டாபேஸின் நகலாக ஓடும் இன்னொரு சர்வர்) கழற்றிவிட்டு, அதற்காக ஃபைல்களைப் பிடித்து வைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை ட்ராப் செய்ய மறந்தால், வால் (WAL) ஃபைல்கள், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் ஃபைல்கள், அழியாமல் சேர்ந்துகொண்டே போகும். பதிப்பு 13-இல் இதற்கு வரம்பு வைக்க மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் வந்தது. டீஃபால்ட்டில் வரம்பு கிடையாது, நாம்தான் வைக்க வேண்டும். வால் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டருக்கு முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர். வெறும் லாக் (log, குறிப்பேடு) ஃபைல்தானே என்று அழித்து டேட்டாபேஸையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பதிப்பு 10-இல் பிஜி_வால் என்று மாற்றினார்கள், நல்ல முடிவு.

அடுத்தது பேக்கப். பேக்கப் எடுப்பது வேலையே இல்லை, ரீஸ்டோர் ஆகிறதா என்பதுதான் வேலை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற கோட் சேமிப்புத் தளத்தில் நடந்ததைப் பாருங்கள். செகண்டரி (நகல்) சர்வர் என்று நினைத்து பிரைமரியின் (முதன்மை சர்வரின்) டேட்டா டைரக்டரியை ஒரு இன்ஜினியர் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போயிற்று. பிஜி_டம்ப் என்ற புரோகிராம் எடுக்கும் பேக்கப்பைத் தேடினால் ஸ்டோரேஜ் காலி. டேட்டாபேஸ் 9.6, டம்ப் எடுத்த புரோகிராம் 9.2, பதிப்பு ஒத்துப்போகாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் டிமார்க் என்ற மெயில் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) கைகொடுத்தது. அதைத் திருப்பிக் காப்பி செய்யவே சுமார் 18 மணி நேரம் ஆயிற்று.

ரெப்ளிகா இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். எந்த வரிசைகள் என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனை இல்லாமல் ஓட்டிய டெலிட் அங்கேயும் நொடியில் போய்ச் சேரும். பேஸ் பேக்கப்போடு (முழு டேட்டாபேஸின் நகல்) வால் ஆர்க்கைவும் (சேமித்து வைத்த வால் ஃபைல்கள்) இருந்தால்தான் தப்பு நடந்ததற்கு ஒரு நிமிடம் முந்தைய நிலைக்குத் திரும்ப முடியும். வாரம் ஒருமுறை தனி சர்வரில் ரீஸ்டோர் செய்து, ஆகும் நேரத்தைக் குறித்து வையுங்கள். மேனேஜர் "எப்போது வரும்" என்று கேட்கும்போது அந்த எண்தான் பதில்.

கிளவுடுக்குப் போனால் பேட்ச், பேக்கப் சுமை குறையும். லாக்கும் மோசமான குவெரியும் அப்படியே கூட வரும்.

இந்த வேலை ஒத்துவருமா என்று பார்க்க, லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் போட்டு மூன்று பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை கொடுக்கும் புரோகிராம்) விண்டோ திறங்கள். முதலாவதில் பிகின் கொடுத்து (ட்ரான்ஸாக்ஷனைத் தொடங்கி) ஒரு டேபிளில் செலக்ட் ஓட்டி, கமிட் செய்யாமல் (முடிக்காமல்) விடுங்கள். இரண்டாவதில் அதே டேபிளுக்கு ஆல்டர், மூன்றாவதில் அதே டேபிளில் செலக்ட். மூன்றாவது ஏன் நிற்கிறது என்று தோண்டிப் பார்க்கும் ஆர்வம் வந்தால் தாராளமாக வாருங்கள்.