மாட்டுத் தொழு இருந்த இடத்தில் திராட்சைப் பந்தல்

கேள்வி: உங்கள் தாத்தா காலத்து நிலம் இப்போது என்னவாக இருக்கிறது?

திராட்சைத் தோட்டமாக இருக்கிறது. தாத்தா இருந்தவரை அங்கே மாட்டுத் தொழு. கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டிப் பக்கம். இன்று தேனி மாவட்டம். பழைய பத்திரங்களில் மதுரை மாவட்டம் என்றுதான் இருக்கும்.

தாத்தா வைத்திருந்தது மலைமாடு, இந்தப் பக்கத்து நாட்டுமாடு. அதில் பால் வியாபாரம் கிடையாது. உழவுக்கும் வண்டிக்கும் காளைக்கன்று விற்பார். பகலில் மலையடிவாரத்தில் மேயும். அறுப்பு முடிந்த வயலில் இரவு கிடை போடுவார்கள், அதாவது சாணமும் கோமியமும் உரமாகட்டும் என்று மாடுகளை அங்கேயே அடைத்து வைப்பார்கள். அதற்கு வயல்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். மாட்டுப் பொங்கலன்று பிறந்த கன்றை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கம்பம் நந்தகோபாலன் கோயில் தொழுவுக்குப் போய்விடும்.

திராட்சை வந்ததால்தான் மாடு போயிற்று என்று எங்கள் ஊரிலேயே சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. டிராக்டர் வந்ததும் உழவுக்காளையை வாங்க ஆளில்லை. காட்டில் மேய்க்கக் கெடுபிடி கூடியது. மேய்க்க வரும் பையன்களும் குறைந்தார்கள். தொழு பாதிக்கு மேல் காலியான பிறகுதான் அப்பா திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தார்.

போட்டது பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான். கவாத்து வெட்டினால், அதாவது கொடியின் கிளைகளை நறுக்கிவிட்டால், ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் பள்ளத்தாக்கில் எந்த மாதமும் எங்காவது அறுப்பு நடக்கும். மழைதான் பயம். தோல் மெல்லியது, பழுக்கிற நேரத்தில் பெய்தால் குலையிலேயே வெடித்துவிடும். ஈரம் நின்றால் இலையின் அடியில் வெள்ளையாகப் பூசணம் படரும், உடனே மருந்தடிக்க வேண்டும்.

பழைய தொழு இருந்த மூலையில் நட்ட கொடிகள்தான் முதலில் பந்தல் ஏறின. மண் அப்படி. பல வருஷத்துச் சாணமும் கோமியமும் இறங்கிய இடம். அப்பா கடைசிவரை அந்த மூலைக்கு உரம் குறைத்தே வைத்தார்.

இப்போது கவாத்துக்கு முன் தொழுவுரத்தை டிராக்டர் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். தருபவர் இன்னும் மலைமாடு வைத்திருக்கிறார். 2021-ல் மேகமலைக் காடு புலிகள் காப்பகத்தில் சேர்ந்தபின் அவருக்கு மேய்ச்சல் இடம் இன்னும் சுருங்கிவிட்டது. காடு காக்கப்பட வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அடிவாரத்தில் மேய்ச்சலுக்கென்று கொஞ்சம் நிலமாவது ஒதுக்க வேண்டும். அவரும் மாட்டை விற்றுவிட்டால் இந்தத் தோட்டங்களுக்கு உரம் எங்கிருந்து வரும்?