உவர் நீர் பாயும் நெல் வயலில் பொட்டாஷா, ஜிப்சமா? வேர்ச் செல்லிலிருந்து ஒரு விளக்கம்

கேள்வி: ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு நெல் பயிரிடுகிறேன். சில ஆண்டுகளாக அந்நீர் உவர்ப்பாகி வருகிறது. நட்ட சில வாரங்களில் இலை நுனிகள் வெளுத்துப் பின்னர் கருகுகின்றன. வயலில் நீர் நிற்கும்போதே நண்பகலில் இலைகள் சுருண்டுகொள்கின்றன. பாதிப்பு வயல் முழுவதும் ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. பொட்டாஷ் உரத்தைக் கூட்டினால் பயிர் உப்பைத் தாங்கும் என்கிறார் ஒருவர். ஜிப்சம் இடச் சொல்கிறார் மற்றொருவர். கால்சியம் கரைசலை இலையில் தெளிக்கச் சொல்கிறார் இன்னொருவர். செடியின் செல்களில் உப்பை வெளியேற்றும் புரதங்களைக் கண்டறிந்துள்ளதாகவும் படித்தேன். அந்த ஆராய்ச்சி எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வகையில் உதவும்? நான் எதைச் செய்வது?

பதில்: தங்களுக்குக் கிடைத்த மூன்று யோசனைகளுக்கும் ஏதோ ஓர் அடிப்படை இருக்கிறது. ஆனால் அவை செடியில் வெவ்வேறு இடங்களில் வேலை செய்பவை என்பதால், தங்கள் மண்ணிலும் நீரிலும் எந்த அயனி மிகுந்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் தேர்ந்தெடுக்க இயலாது. பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை பொட்டாஷ் அளவைக் கூட்ட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கான காரணம் வேர்ச் செல்லின் சவ்வில் இருக்கிறது.

தாங்கள் கண்ட இரண்டு அறிகுறிகளும் இருவேறு நிகழ்வுகளின் விளைவு. நீர் நின்றும் இலை சுருள்வது முதல் நிகழ்வு. வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு மிகும்போது அந்த நீரை உள்ளே இழுப்பது வேருக்குக் கடினமாகிறது. வெயிலேறும் நேரத்தில் இலை இழக்கும் அளவுக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. இது எந்த உப்பாக இருந்தாலும் நேரக்கூடியது, மிக விரைவிலும் தோன்றக்கூடியது. நுனி வெளுத்துக் கருகுவது இரண்டாவது நிகழ்வு. இலையிலிருந்து நீர் ஆவியாகிப் போக, அதனோடு வந்த சோடியமும் குளோரைடும் இலையிலேயே தங்கி நாளுக்கு நாள் சேர்கின்றன. ஆகவேதான் வெகுநாள் நீராவிப்போக்கு நடந்த முதிர்ந்த இலைகள் முதலில் கருகுகின்றன, இளந்தளிர்கள் ஓரளவு தப்புகின்றன.

சோடியம் ஏன் உள்ளே வருகிறது? வேர்ச் செல்லின் சவ்வில் உள்ள ஒரு புரதம், செல் தன் மூச்சிலிருந்து பெறும் ஆற்றலைச் செலவிட்டு, ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. இதனால் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட நூறு மில்லிவோல்ட்டுக்கும் கூடுதலாக எதிர்மின் தன்மை பெறுகிறது. அணையில் தேக்கிய நீரைத் திறந்துவிட்டுப் பல வேலைகளை நடத்துவதுபோல, செடி இந்த மின் வேறுபாட்டையும் அயனி வேறுபாட்டையும் கொண்டே பொட்டாசியம், நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றை உள்ளே சேர்த்துக்கொள்கிறது. விலங்குச் செல்களில் இதே அடிப்படைப் பணியைச் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் ஒரு பம்பு செய்கிறது. நண்டின் நரம்பில் அதை இனங்கண்டு 1957-இல் வெளியிட்ட டென்மார்க் அறிஞர் யென்ஸ் ஸ்கோவ், அதற்காக 1997-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நெல் போன்ற நிலத்தாவரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பம்பு கிடையாது. அவற்றின் முதன்மைப் பம்பு ஹைட்ரஜன் பம்புதான். உப்புத் தாங்கும் திறனைப் பேசும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வைப்பது நல்லது. ஏனெனில் நேர்மின் அயனியான சோடியத்தையும் அந்த எதிர்மின் உட்புறம் தானாகவே உள்ளே இழுக்கிறது. உள்ளே வருவதற்குச் சோடியத்துக்கு ஆற்றல் தேவையில்லை. வெளியேற்றுவதற்குத்தான் செடி ஒவ்வொரு முறையும் விலை கொடுக்கிறது.

பொட்டாஷ் யோசனை எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே காணலாம். செல்லின் உட்சாற்றில் பொட்டாசியம் ஏறத்தாழ 100 மில்லிமோலார் செறிவில் இருக்க வேண்டும். பல நொதிகளும் புரதம் கட்டும் பணியும் பொட்டாசியத்தைச் சார்ந்தவை. பண்பில் அதனோடு ஒத்த சோடியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் அதன் வேலையைச் செய்வதில்லை. ஆகவே ஓர் இலையின் நிலையைக் கணிக்கச் சோடியத்தின் அளவை மட்டும் பார்ப்பது போதாது, சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதத்தையே பார்க்க வேண்டும். அத்துடன், சோடியம் திடீரென உள்ளே நுழையும்போது சவ்வின் மின்னழுத்தம் குறைகிறது. அப்போது சவ்வில் அயனிகள் கடக்கும் புரத வழிகளான வேறு கால்வாய்கள் திறந்து, செல் ஏற்கெனவே சேர்த்து வைத்த பொட்டாசியம் வெளியே கசிந்துவிடுகிறது. உவர் நிலத்தில் பயிர் காட்டும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைபாட்டில் இந்தக் கசிவுக்குப் பெரும் பங்கு உண்டு. வேரால் தக்கவைத்துக்கொள்ள இயலாத சத்தை மண்ணில் மேலும் மேலும் கொட்டுவதால் அது சரியாகாது. மேலும் பரவலாகப் பயன்படும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. தானே ஓர் உப்பு. ஏற்கெனவே குளோரைடு மிகுந்த வயலில் அதை அளவுக்கு மீறி இடுவது, முதலில் சொன்ன நீர்த்தட்டுப்பாட்டை இன்னும் கடுமையாக்கும். மண் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு என்று வந்தால் பரிந்துரைத்த அளவைப் பிரித்து இடுவது கட்டாயம் பயன் தரும். அப்போதும் உவர் வயலுக்குச் சல்பேட் ஆஃப் பொட்டாஷே பொருத்தமானது.

இனி, செடி உப்பை உணர்ந்து எதிர்வினை ஆற்றும் விதம். ஆராய்ச்சி மிக ஆழமாகச் சென்றிருக்கும் பகுதி இது. ஜிப்சம் ஒரு கால்சிய உப்பு என்பதால், தங்கள் ஜிப்சம் கேள்விக்கும் விடை இதற்குள் இருக்கிறது. ஓய்வு நிலையில் செல்லின் உட்சாற்றில் கால்சியம் மிக மிகக் குறைவு; செல்லுக்கு வெளியே அது பல்லாயிரம் மடங்கு அதிகம். அதனால் ஒரு கால்வாய் நொடிப்பொழுது திறந்தாலே உள்ளே கால்சியத்தின் அளவு சட்டென உயர்ந்து, ஓர் அபாய அறிவிப்பாகிவிடுகிறது. அரபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியின் வேரில் ஓரிடத்தில் மட்டும் உப்புக் கரைசல் பட்டபோது, கால்சிய அலை ஒன்று நொடிக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் வேகத்தில் வேர் வழியே பரவியதை சைமன் கில்ராய் குழுவினர் 2014-இல் காட்டினர். நரம்பே இல்லாத ஓர் உயிர், வேரின் ஒரு முனையில் நேர்ந்ததைச் சில நிமிடங்களில் தண்டு வரை தெரிவித்துவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறையாத முடிவு இது. அதே செடியின் சவ்விலுள்ள ஒருவகைக் கொழுப்பு மூலக்கூறு சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியக் கால்வாய் திறக்கக் காரணமாகிறது என்று 2019-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

அறிவிப்பு கிடைத்த பின் நடப்பதை ஜியான்-காங் சூ குழுவினர் 1990-களின் இறுதியிலும் 2000-ஐ ஒட்டியும் விளக்கினர். ஒரு புரதம் கால்சியத்தை உணர்கிறது; அது இரண்டாவது புரதத்தைத் தூண்டுகிறது; இரண்டாவது, சவ்விலுள்ள மூன்றாவது புரதத்தை முடுக்கிவிடுகிறது. இந்த மூன்றாவதுதான், ஹைட்ரஜன் அயனி ஒன்றை உள்ளே விட்டுச் சோடியத்தை வெளியேற்றுவது. தாங்கள் படித்தது பெரும்பாலும் இதைப் பற்றியதாக இருக்கும். இதையொத்த அமைப்பு நெல்லிலும் உண்டு. வெளியேற்ற முடியாமல் போன சோடியத்தைச் செல்லின் நடுவிலுள்ள வெற்றிடப் பையில் அடைத்து வைக்க இன்னொரு புரதம் இருக்கிறது. அதை மிகுதியாக உற்பத்தி செய்யும்படி மாற்றிய அரபிடாப்சிஸ் கூடுதல் உப்பைத் தாங்கியது என்று 1999-இல் எட்வர்டோ புளூம்வால்ட் குழுவினர் வெளியிட்டனர்.

இவை அனைத்திலும் கால்சியம் இருவகையில் பங்கெடுக்கிறது: உள்ளே செய்தியாகவும், வெளியே காவலாகவும். வெளியே போதிய கால்சியம் இருந்தால், சோடியம் பெருமளவு நுழையும் பொதுவான கால்வாய்கள் ஓரளவு அடைபடுகின்றன, பொட்டாசியக் கசிவும் குறைகிறது. செல்கள் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தறிந்து ஏற்பதற்குக் கால்சியம் இன்றியமையாதது என்பதை இமானுவேல் எப்ஸ்டீன் 1961-லேயே நிறுவினார். கவனியுங்கள், இந்தக் கால்சியம் இருக்க வேண்டிய இடம் வேரின் வெளிப்புறம். இலையில் தெளிக்கும் கால்சியம் அங்கே போய்ச் சேராது. நீரோடு மேலே ஏறுவதன்றி, இலையிலிருந்து வேருக்குக் கீழிறங்குவது கால்சியத்துக்கு ஏறக்குறைய இல்லை எனலாம். தங்கள் சிக்கலுக்கு இலைவழிக் கால்சியம் வீண் செலவு என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

அப்படியானால் ஜிப்சம் இட்டுவிடலாமா? களர் நிலமாக இருந்தால் ஆம். களரில் மண் துகள்களின் மேல் சோடியம் ஒட்டியிருக்கும்; கார அமில நிலை (pH) பொதுவாக 8.5-க்கு மேல் இருக்கும். மண் இறுகி நீர் உட்புகாது. ஜிப்சத்தின் கால்சியம் அந்தச் சோடியத்தைப் பெயர்த்து மண்ணை இளக்குவதோடு வேர்ச் சவ்வுக்கும் காவலாகிறது. பெயர்ந்த சோடியத்தை நல்ல நீரால் கழுவி வடித்தால்தான் வேலை முழுமை பெறும். வடிகால் இல்லாத வயலில் இடும் ஜிப்சம் பாதிப் பயனும் தருவதில்லை. மாறாக, உவர் நிலத்தில் கரையும் உப்புகளே மிகுதி. அவற்றில் கால்சியமும் போதுமான அளவு இருக்கக்கூடும். அங்கே ஜிப்சத்துக்கு வேலை குறைவு, உப்பைக் கரைத்து வடிப்பதே மருந்து. களரையும் உவரையும் ஒன்றாகக் கருதி ஒரே சிகிச்சை செய்வது பரவலாக நடக்கிறது; பணத்தையும் ஒரு பருவத்தையும் அது வீணாக்குகிறது.

நெல்லுக்கே உரிய ஒரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும். அதன் வேரில், பக்க வேர்கள் முளைக்கும் இடங்களிலும் முனைப் பகுதியிலும், நீரின் ஒரு பகுதி எந்தச் செல் சவ்வையும் கடக்காமல் இடைவெளிகள் வழியாகவே உள்ளே சென்றுவிடுகிறது. சோடியமும் அதே வழியில் எவ்விதத் தடையுமின்றி இலைக்கு ஏறுகிறது. நெல் வேரில் படியும் சிலிக்கா இந்தக் குறுக்கு வழியைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. வைக்கோலை வயலிலிருந்து முழுவதும் அகற்றாமல் மட்கச் செய்து மண்ணுக்கே திருப்புவதற்கு இது மேலும் ஒரு காரணம்.

வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசெல்லும் சாற்றுக்குழாயில் ஏறிவிட்ட சோடியத்தை, இலையை அடையுமுன் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒரு புரதமும் நெல்லில் உண்டு. நோனா போக்ரா என்னும் உப்புத் தாங்கும் பாரம்பரிய நெல்லிலிருந்து அதன் மரபணுவை 2005-இல் பிரித்தறிந்தனர். பொக்காளி என்னும் இன்னொரு உப்புத் தாங்கும் பாரம்பரிய நெல்லிலிருந்து முதல் குரோமோசோமில் இனங்கண்ட சால்டோல் என்ற மரபணுப் பகுதியும் நாற்றுப் பருவத்தில் சோடியம், பொட்டாசியம் விகிதத்தைக் காப்பதோடு தொடர்புடையது. அதைப் பல நெல் இரகங்களுக்குள் இனக்கலப்பின் மூலம் கொண்டுவந்துள்ளனர். இதே குடும்பத்தைச் சேர்ந்த மரபணு ஒன்றைக் கோதுமையின் பழைய உறவினத்திலிருந்து இனக்கலப்பால் துரும் கோதுமைக்குக் கொண்டுவந்தபோது, உவர் வயலில் விளைச்சல் 25 விழுக்காடு வரை உயர்ந்ததாக 2012-இல் ரானா மன்ஸ் குழுவினர் அறிவித்தனர். இந்த ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்டீர்கள். வயலை எட்டிய மிகப் பெரிய பயன் இதுதான். தங்கள் பகுதிக்குப் பரிந்துரைக்கப்பட்ட உப்புத் தாங்கும் இரகம் இருந்தால், அடுத்த பருவத்துக்கு அதையே தேர்ந்தெடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியவை. கருகிய திட்டிலிருந்தும் நலமான பகுதியிலிருந்தும் தனித்தனியே மண் எடுத்து, கிணற்று நீரோடு சேர்த்து ஆய்வுக்கு அனுப்புங்கள். மண்ணின் செறிவூட்டிய வடிநீரில் (நீரில் முழுதும் ஊறிய மண்ணிலிருந்து வடித்த நீரில்) உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசைமனைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 விழுக்காடு இழப்பு என்பது நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள மதிப்பீடு. 4-க்கு மேல் இருந்து கார அமில நிலை 8.5-க்குக் கீழ் இருந்தால் அது உவர் நிலம். நீரில் எஞ்சிய சோடியம் கார்பனேட் (கால்சியம், மக்னீசியம் அளவை மிஞ்சிய கார்பனேட், பைகார்பனேட்) லிட்டருக்கு 2.5 மில்லிச்சமானத்தைக் கடந்தால் அந்த நீரே மண்ணைக் களராக்கிக்கொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். ஜிப்சம் இன்றி அதைத் தொடர்ந்து பாய்ச்சக் கூடாது. ஜிப்சத்தின் அளவை ஆய்வறிக்கையின்படியே முடிவு செய்யுங்கள். துத்தநாகத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். களரில் அதன் பற்றாக்குறை நெல்லுக்கு அடிக்கடி வரும், இலைகளில் துருநிறப் புள்ளிகளாகத் தோன்றும். உப்புக் கருகலோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு.

நிற்கும் பயிரைப் பொறுத்தவரை, வயலை வெடிக்கும்படி காய விடாதீர்கள். ஈரம் குறையக் குறைய உப்பின் செறிவு வேரருகே பெருகும். தேங்கிய நீரை வடித்துவிட்டு, கிடைப்பதில் உப்புக் குறைந்த நீரைக் கட்டுங்கள். மழை பெய்தால் முதலில் சேரும் உப்பு நீரை வெளியேற்றிய பின் வாய்மடையை அடையுங்கள். நெல் முளைப்பிலும் தூர் கட்டும் பருவத்திலும் உப்பை ஓரளவு தாங்கும். இளநாற்றுப் பருவத்திலும், கதிர் உருவாகிப் பூக்கும் காலத்திலும் தாங்காது. எனவே தங்களிடம் நல்ல நீர் கொஞ்சமே இருக்குமானால், அதை அந்த இரண்டு கட்டங்களுக்கும் ஒதுக்குங்கள். அடுத்த பருவத்தில் நாற்றங்காலுக்கு நல்ல நீரை மட்டுமே பாய்ச்சி, 30 நாளைத் தொட்ட முதிர்ந்த நாற்றை, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வைத்து நடுங்கள். இப்போது பாதிக்கப்பட்ட திட்டுகளில் புதிய இலைகள் நுனி வெளுக்காமல் வருகின்றனவா என்று பாருங்கள். கருகிய பழைய இலைகள் மீளாது, ஆகவே அவற்றைக் கொண்டு முன்னேற்றத்தை மதிப்பிட வேண்டாம். ஆய்வறிக்கை வந்ததும் மின்கடத்துத்திறன், கார அமில நிலை, சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் அளவுகளைக் குறிப்பிட்டு எழுதினால், ஜிப்சமும் பொட்டாஷும் எவ்வளவு தேவை, தேவையே இல்லையா என்பதைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.