1812-இல் வரும் ‘கர்னல் மன்றோ’ யார்?

கேள்வி: திருவிதாங்கூர் பற்றிய பழைய கடிதத் தொகுப்பின் ஸ்கேன் பிரதியைப் படிக்கிறேன். 1812-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் ‘கர்னல் மன்றோ’ என்று மட்டும் வருகிறது. தேடினால் சென்னைத் தீவுத்திடல் குதிரைச் சிலைக்காரரான தாமஸ் மன்றோ கிடைக்கிறார். கட்டுரையில் அவர் பெயரையே போட்டுவிடலாமா?

பதில்: போடாதீர்கள். தாமஸ் மன்றோ 1807-இல் சீமைக்குப் போய், 1814-இல்தான் திரும்பி வந்தார். உங்கள் ஆள் ஜான் மன்றோ. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூர் ரெசிடென்ட், அதாவது அங்கே கிழக்கிந்தியக் கும்பினியின் (கம்பெனியின்) பிரதிநிதி. நடுவில் சில ஆண்டுகள் திவானும் அவரே. கொல்லம் பக்கத்து மன்றோ தீவு இவர் பெயரில் உள்ளதுதான்.

பட்டத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. தாமஸும் அப்போது லெப்டினன்ட் கர்னல். பேச்சில் இருவருமே ‘கர்னல்’தான். அந்தத் தேதியில், அந்த ஊரில், அந்த வேலையில் யார் இருந்தார் என்று பாருங்கள். அந்தந்த வருஷத்து மதராஸ் அல்மனாக்கில் (ஆண்டுக் குறிப்பேட்டில்) அதிகாரிகள் பட்டியல் இருக்கும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பின்னாளில் எழுதியவர்கள் பின்னாள் பட்டத்தையே முன்னாள் சம்பவத்துக்கும் ஒட்டிவிடுவார்கள். தாமஸுக்கு ‘சர்’ பட்டம் வந்தது 1819-இல். ஆனால் 1800-இல் அவர் கலெக்டராக இருந்த கதையைச் சொல்லும்போதும் ‘சர் தாமஸ்’ என்றே எழுதுவார்கள். அதனால், சம்பவம் நடந்த தேதி வேறு, எழுதிய தேதி வேறு என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குழப்பம் 1780. அந்த ஆண்டு ஹைதர் அலிக்கு எதிரான கும்பினிப் படையில் தளபதி ஹெக்டர் மன்றோ. அதே படையில் புதிதாகச் சேர்ந்த பையன் தாமஸ். அந்த ஆண்டிலேயே எழுதிய கடிதத்தில் ‘ஜெனரல் மன்றோ’ என்று இருந்தால் ஹெக்டர்தான்; பின்னாளில் எழுதியதென்றால் சரிபாருங்கள்.

இணைய நூலகங்களிலும் கவனம் வேண்டும். சில பிரதிகளில் முகப்புப் பக்கமோ பெயர் அடைவோ விடுபட்டிருக்கலாம். புத்தகம் அச்சான வருஷமே கடிதத்தின் வருஷமாகப் பதிவாகியிருக்கவும் கூடும். தேடல் பெட்டியோ பெரும்பாலும் பிரபலமான ஆளையே முன்னால் தள்ளும்.

ஓசிஆர் எழுத்தை (படத்திலிருந்து கணினி தானாக வாசித்துத் தரும் எழுத்தை) நம்பாமல், பக்கத்தின் படத்தைத் திறந்து, அதற்கு முந்தைய இரண்டு கடிதங்களையும் படியுங்கள். முதல் முறை முழுப் பெயரை எழுதிவிட்டு, பிறகு குடும்பப் பெயரோடு கடிதம் எழுதியவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம்.