தீவுக்கு லீவுல போறோம், எங்க சாப்பிடுறது?

கேள்வி: அக்கா, ஜூன் ஸ்கூல் லீவுக்கு குடும்பத்தோட பினாங்கு போறோம். வீட்டுக்காரருக்கு நாசி கண்டார் சாப்பிட்டே ஆகணும், மாமியார் சுத்த சைவம், முட்டை கூட தொட மாட்டாங்க, பிள்ளைங்க ரெண்டுக்கும் காரம் ஆகாது. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட எந்தக் கடை நல்லது? நெட்ல தேடினா நூறு கடை பேரு வருது, தலை சுத்துது.
– செங்காங் வாசகி

பதில்: தங்கச்சி, அந்த நூறு கடை லிஸ்ட்டை முதல்ல மூடி வைங்க. பினாங்குல கடை பேரை விட நேரம்தான் முக்கியம். அங்க நெறைய கடைக்காரங்க ஒரே ஒரு சாமான்தான் போடுவாங்க, அதுவும் காலையில மட்டும், இல்லன்னா சாயந்திரம் மட்டும், தீந்துச்சுன்னா சட்டியை கழுவி வச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க, நம்ம ஃபூட் கோர்ட் மாதிரி எப்ப போனாலும் எல்லாம் இருக்கும்னு நெனச்சு மத்தியானம் மூணு மணிக்கு டாக்ஸி பிடிச்சு போனா பூட்டின கடை வாசல்லதான் நிக்கணும். அதனால ஒரு நாளை எப்படி ஓட்டலாம்னு சொல்றேன், மத்த நாளும் அதே மாதிரி மாத்தி மாத்தி போட்டுக்கோங்க.

காலையில பசியாற ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போயிடுங்க. லெபு பாசார், லெபு பினாங்கு, லெபு குயின், இந்தத் தெருவுங்கதான். லெபு குயின்ல மகாமாரியம்மன் கோயில் இருக்கு, 1833ல கட்டினது, அத்தை கும்பிட்டு முடிக்கட்டும், வெளிய வந்தா சுத்துவட்டாரத்துலயே இட்லி, தோசை, பொங்கல் எல்லாம் கிடைக்கும், தமிழ்லயே கேட்டு வாங்கிக்கலாம். பிள்ளைங்களுக்கு புத்து மாயம் வாங்கிக் குடுங்க, நம்ம இடியாப்பம்தான், மேல தேங்காப்பூவும் பழுப்புச் சீனியும் போட்டுத் தருவாங்க, துளி காரம் கிடையாது. ஒண்ணு மட்டும் கவனம், ரொட்டி சானாய் மாவுல சில கடையில முட்டை சேர்த்துப் பிசைவாங்க, அத்தைக்கு வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

மத்தியானம்தான் உங்க வீட்டுக்காரர் நேரம். இங்க நான் சொல்றது உங்களுக்கு பிடிக்காம போகலாம், ஆனா எல்லாரும் ஒரே மேசையில சாப்பிடணும்ங்கிற ஆசையை மத்தியானத்துக்கு மட்டும் விட்டுடுங்க. சைவமும் வேணும் நாசி கண்டாரும் வேணும்னு ஒரே கடையைத் தேடுனா ரெண்டுமே சுமாராத்தான் கிடைக்கும். அத்தையும் பிள்ளைங்களும் நீங்களும் லிட்டில் இந்தியாவுலயே சைவக் கடையா பாத்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுங்க, அவரு நடந்தே லெபு கேம்பல்ல இருக்கிற ஹமீதியாவுக்குப் போயிடட்டும். 1907லேர்ந்து இருக்கிற கடை அது. ஜாலான் பினாங்குல சந்துக்குள்ள லைன் கிளியர்னு இன்னொண்ணும் பேர் போனது. நாசி கண்டார்ங்கிறது தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்துல தோள்ல கம்பு வச்சு ஒரு பக்கம் சோறு ஒரு பக்கம் கறின்னு தெருத் தெருவா தூக்கிட்டுப் போய் வித்த சாப்பாடு, நம்ம ஆளுங்க கையால பினாங்குக்கு வந்த சொத்து, அதை அங்க போய் சாப்பிடாம வர்றதுக்கு எனக்கு மனசு வராது.

அந்தக் கவுண்டர்ல என்ன நடக்கும்னு அவருகிட்ட சொல்லி அனுப்புங்க. வரிசையில நின்னு கிட்ட போனதும் தட்டுல வெள்ளைச் சோறு போட்டு நம்ம மூஞ்சியைப் பாப்பாங்க, கோழியா, மீன் தலையா, கணவாயா, மீன் முட்டையா, கையைக் காட்டினா எடுத்து வச்சுடுவாங்க, வெண்டிக்காயும் உப்பு முட்டையும் கேட்டு வாங்கணும், அப்புறம் கரண்டியை அந்தச் சட்டியில ஒரு முக்கு இந்தச் சட்டியில ஒரு முக்குன்னு நாலஞ்சு குழம்பை சோத்து மேலயே கலந்து ஊத்துவாங்க. ‘பஞ்ஜிர்’னு சொன்னா சோறு முங்குற அளவுக்கு ஊத்துவாங்க. அந்தக் கலவைதான் ருசியே, தனித்தனியா கேட்டு வாங்குனா அந்த ருசி வராது. ஆனா மாட்டுக்கறி சாப்பிடாதவங்க இங்கதான் முழிச்சுக்கணும், கலக்குற குழம்புல மாட்டுக்கறிக் குழம்பும் இருக்கும், நீங்க கோழி மட்டும் எடுத்தாலும் அது மேல அந்தக் குழம்பு விழுந்துடும், அதனால தட்டை எடுக்கும்போதே ‘அண்ணே, மாட்டுக் குழம்பு ஊத்தாதீங்க’ன்னு சொல்லிடணும், கரண்டி கூட கலக்கக் கூடாதுன்னு நெனக்கிறவங்க குழம்பு கலக்கவே வேணாம்னு ஒரே கோழிக் குழம்பா வாங்கிக்கோங்க. விலை தட்டைப் பாத்துத்தான் போடுவாங்க, கோழி, முட்டை, காய்கறியோட நிறுத்துனா அதிகம் வராது, பெரிய இறாலும் கணவாயும் மீன் முட்டையும் ஏறுனா விலையும் ஏறிடும், எடுக்குறதுக்கு முன்னாடியே எவ்வளவுன்னு கேக்குறதுல வெக்கம் வேணாம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துல கடை பூட்டியிருக்கலாம், அதையும் பாத்துக்கோங்க.

வெயில் தாழ லெபு கெங் குவீ சந்துக்குப் போங்க, செண்டோல் கடை, நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க கூட்டத்தோட. தேங்காப்பால், குலா மெலாக்கா, பச்சை ஜெல்லி, சிவப்பு பீன்ஸ், ஐஸ். இது ஒண்ணுதான் உங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் சேர்ந்து சாப்பிடக்கூடியது, அத்தை உட்பட. ஆசாம் லக்சா அத்தைக்கு ஆகாது, அது மீனை வேக வச்சு உதிர்த்துப் போட்ட புளிக்குழம்பு, மேல இறால் விழுதும் ஊத்துவாங்க. பினாங்கு ரோஜாக்கும் அப்படித்தான், பழமும் காயும்தானேன்னு ஏமாந்துடக் கூடாது, கறுப்பா இருக்கிற அந்தச் சாஸ்ல இறால் இருக்கு.

ராத்திரிக்கு லோரோங் பாரு, நியூ லேன்னும் சொல்வாங்க, சாயந்திரம் தெருவோரமா கடைங்க போடுவாங்க. கர்னி டிரைவ் கூட்டம் அதிகம், சுத்துலா ஆளுங்க நெறைய, ஆனா பிள்ளைங்களோட போறவங்களுக்கு எல்லாக் கடையும் ஒரே இடத்துல இருக்கிறது வசதிதான், வேணாம்னு சொல்ல மாட்டேன். சார் குவே தியாவ், அதான் தட்டை நூடுல்ஸ், சீனர் கடையில பன்றிக் கொழுப்புல வதக்குறது வழக்கம், வேணாம்னா முஸ்லிம் கடையில மீ கோரெங் கேளுங்க, சம்பால் கம்மியா போடச் சொன்னா பிள்ளைங்க சாப்பிடுவாங்க. அத்தைக்கு சீனர் சைவக் கடை இருக்கு, போர்டுல ஸ்வஸ்திக் மாதிரி ஒரு குறி போட்டிருக்கும், பெரும்பாலும் வெங்காயம் பூண்டு கூட போட மாட்டாங்க. கோழி மாதிரியும் மீன் மாதிரியும் பண்ணி வச்சிருக்கிறதைப் பாத்து அத்தை பயந்துடப் போறாங்க, எல்லாம் சோயாவும் கோதுமையும்தான்னு முன்னாடியே சொல்லி வைங்க, சில அயிட்டத்துல முட்டை இருக்கும், அதை மட்டும் கேட்டுக்கோங்க. கெக் லோக் சி கோயிலுக்குப் போனீங்கன்னா அங்கயும் சைவச் சாப்பாட்டுக் கடை உண்டு.

கேள்வி: போன வருசம் லங்காவியில கடற்கரை ஓரமா ஒரு கடையில மீன் சாப்பிட்டோம், பில்லைப் பாத்து மயக்கமே வந்துடுச்சு. டியூட்டி ஃப்ரீ தீவுன்னு சொன்னாங்களே, சாப்பாடு ஏன் இவ்வளவு விலை? மறுபடி போறோம், எங்க சாப்பிடலாம்?
– யீஷூன் வாசகர்

பதில்: தம்பி, 1987லேர்ந்து லங்காவிக்கு டியூட்டி ஃப்ரீ, ஆனா அது சாக்லேட்டுக்கும் மதுவுக்கும்தான் உதவும், சுட்ட மீனுக்கு இல்ல. மெனுவுல விலை போட்டிருக்கிறது பெரும்பாலும் 100 கிராமுக்கு, சின்ன எழுத்துல. 12 ரிங்கிட்னு பாத்து சரின்னு சொல்லிடுவோம், 900 கிராம் மீன்னா அதுவே 108 ரிங்கிட் ஆயிடுச்சு. மீனைக் காட்டச் சொல்லுங்க, உங்க கண் முன்னாடி நிறுக்கச் சொல்லுங்க, மொத்தம் எவ்வளவுன்னு கேட்டு சரின்னு சொன்ன பிறகுதான் அடுப்புல ஏத்தணும். நல்ல கடைக்காரர் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார். மூஞ்சியைச் சுளிச்சா எந்திரிச்சு வந்துடுங்க.

எனக்குப் பிடிச்சது அங்க பாசார் மாலாம், அதாவது ராத்திரிச் சந்தைதான், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊர்ல போடுவாங்க. புதனும் சனியும் குவா, வியாழன் தெமோயோங், அது பந்தாய் செனாங்குக்குப் பக்கம், ஞாயிறு பாடாங் மாட்சிராட். சாயந்திரம் அஞ்சு, அஞ்சரைக்கெல்லாம் போயிடுங்க, சுட்ட மீன், சாத்தே, அப்பாம் பாலேக், கூவே எல்லாம் சுடச்சுட இருக்கும். மேசை நாற்காலி எதிர்பாக்காதீங்க, தாபாவ் பண்ணி, அதாவது பொட்டலமா கட்டி வாங்கி, கடற்கரைக்கு எடுத்துட்டுப் போய் சாப்பிட வேண்டியதுதான், குப்பையை மட்டும் பையிலயே கட்டி எடுத்துட்டு வந்துடுங்க.

கேள்வி: இந்தோனேசியா பிந்தான் தீவுல ரிசார்ட், ரெண்டு ராத்திரி. உள்ள சாப்பாடு ரொம்ப விலையாம். வெளிய போகலாமா? நாங்க ரெண்டு பேரும் சைவம்.
– ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: லாகோய் பக்கம் ரிசார்ட்னா வெளிய போக கார் வேணும்மா, தஞ்சோங் பினாங் டவுன் கிட்டயே இல்ல, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ரெண்டு ராத்திரிக்கு ஒரு தடவை போய்ட்டு வந்தா போதும். காலைச் சாப்பாடு சேர்த்தே ரூம் புக் பண்ணி வயிறு நெறைய சாப்பிட்டுக்கோங்க, மெனு விலைக்கு மேல வரியும் சர்வீஸும் ஏறும்னு கணக்குல வச்சுக்கோங்க. வெளிய வாருங்னு சொல்ற சின்னச் சாப்பாட்டுக் கடையில தாஹு, தெம்பே, கடலைச் சாஸ் ஊத்தின காய்கறியான காடோ காடோ கேளுங்க, ஆனா அந்தச் சாஸ்ல இறால் விழுது சேர்க்கிறவங்க உண்டு, கூட வைக்கிற அப்பளம் மாதிரியான கெரோபோக்கும் இறால்ல பண்ணினதா இருக்கலாம், முட்டையும் மேல வெட்டி வைப்பாங்க. இறால் விழுது, இறால், முட்டை எதுவும் வேணாம்ங்கிறதுக்கு ‘தன்பா தெராசி, தன்பா உடாங், தன்பா தெலுர்’னு சொல்லிடுங்க, புரிஞ்சுக்குவாங்க. அங்க மணி நமக்கு ஒரு மணி நேரம் பின்னாடி, திரும்பி வர்ற ஃபெர்ரியை விட்டுடாதீங்க.

கேள்வி: பினாங்குல டுரியான் எங்க சாப்பிடலாம்? ஹோட்டலுக்கு எடுத்துட்டு வர விடுவாங்களா?
– தோ பாயோ வாசகர்

பதில்: விட மாட்டாங்க, நெறைய ஹோட்டல்ல வாசல்லயே படம் போட்டு கோடு அடிச்சிருப்பாங்க. ஜூன், ஜூலைதான் நல்ல பருவம், பாலேக் பூலாவ் தோட்டத்துக்கே போயிடுங்க. மரத்துல தானா விழுந்த பழத்தை அன்னைக்கே வெட்டித் தருவாங்க. ஆங் ஹே கேளுங்க, சுளை இளஞ்சிவப்பா இனிப்பா இருக்கும், கசப்பு பிடிச்சவங்க கடைக்காரர்கிட்டயே சொல்லி வேற வகை வெட்டச் சொல்லுங்க. காலையில போனாத்தான் நல்ல பழம் மிஞ்சியிருக்கும்.