வரிகளுக்கு நடுவே பொடி எழுத்து

மதிப்பிற்குரிய ஐயா,

லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் வடகிழக்கு ஓரம்; கடல் ஏறினால் தீவு, வற்றினால் நடந்தே போய்விடலாம். காவலில்லாத இடத்தில் ஏன் மடம் கட்டினார்கள்? 793-ல் வைக்கிங்குகள் கொள்ளையடித்தது அதனால்தானே? அங்கே எழுதிய அழகான சுவிசேஷப் புத்தகத்திலும் பிற்காலத்தில் ஒரு பாதிரியார் வரிகளுக்கு நடுவே கிறுக்கிக் கெடுத்துவிட்டார். எனக்கு அதுதான் ஆறவில்லை.

அன்புள்ள தம்பி,

காவலில்லாத இடம் என்று யார் சொன்னது? அந்தத் தீவிலிருந்து பார்த்தால் பாம்பரோ தெரியும். அரசர் ஆஸ்வால்டின் கோட்டை அது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவான அயோனாவின் மடத்திலிருந்து எய்டன் என்ற அயர்லாந்துத் துறவியை வரவழைத்து, 635-ல் தீவைக் கொடுத்தவரே அவர்தான். 158 வருடம் கழித்து வந்த கொள்ளைக்கு மடம் கட்டியவர்களைக் குறை சொல்வது என்ன நியாயம்? சரி, அதை விடுங்கள்.

'கிறுக்கினார்' என்றீர்களே, அதை என்னால் விட முடியாது.

ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே அக்கா எனக்குப் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதிக் கொடுத்திருந்தாள். சந்தேகமான சொல்லுக்கு இரண்டு அர்த்தம் போட்டு, நடுவே சின்னக் கோடு. வாத்தியார் பார்த்துவிட்டார். முன்னால் நிற்க வைத்து, ரப்பரைக் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். அழித்து அழித்துத் தாள் நைந்து ஓரிடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. அவள் கையெழுத்து இன்று என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் திட்டும் அந்தப் பாதிரியார் ஆல்ட்ரெட்டும் என் அக்கா செய்ததைத்தான் செய்தார். 875-ல் துறவிகள் தங்கள் பழைய ஆயர் புனித கத்பர்ட்டின் உடலைச் சுமந்துகொண்டு தீவைவிட்டுக் கிளம்பினார்கள். பிறகு செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் என்ற ஊரில் தங்கினார்கள். அங்கேதான் பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட், கன்றுத் தோலில் எழுதிய அந்த லத்தீன் வரிகளுக்கு மேலே, சொல்லுக்குச் சொல் தன் ஊர் ஆங்கிலத்தைப் பொடி எழுத்தில் எழுதினார். ஒரு சொல் போதாது என்று பட்ட இடங்களில் இரண்டு எழுதி, நடுவே 'அல்லது' என்பதற்கு ஒரு குறி போட்டார். இன்று கிடைக்கும் ஆங்கிலச் சுவிசேஷங்களில் மிகப் பழையது இதுதான். இதையா கெடுத்தது என்கிறீர்கள்?

அந்த மடமே மொழிபெயர்ப்பில் தொடங்கியதுதான். எய்டனுக்கு அந்த ஊர்ப் பேச்சு சரியாக வராது. அயர்லாந்துக்காரர்களிடையே வளர்ந்த ஆஸ்வால்ட், அரசராக இருந்தும் பக்கத்தில் நின்று அவர் பிரசங்கத்தைத் தம் ஆட்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

இன்னொன்றும் கேளுங்கள். புத்தகத்தின் கடைசியில் ஆல்ட்ரெட் ஒரு குறிப்பு வைத்தார். எழுதியவர் ஆயர் ஈட்ஃப்ரித், ஏடுகளைச் சேர்த்துப் புத்தகமாகக் கட்டியவர் எத்தில்வால்ட், மேலே பொன்னும் மணியும் பதித்தவர் பில்ஃப்ரித் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, தன்னைத் 'தகுதியற்றவன், மிக எளியவன்' என்று எழுதிக்கொண்டார். அந்த மணி பதித்த அட்டை எப்போதோ போய்விட்டது. நீங்கள் வியக்கும் ஈட்ஃப்ரித்தின் பெயரை உங்களுக்குச் சொன்னதே இந்தக் 'கிறுக்கல்'தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. கர்த்தர் கற்பித்த ஜெபம் இருக்கும் பக்கத்தை மறுபடி எடுங்கள். 'பாத்தர் நோஸ்தர்' (எங்கள் பிதாவே) என்ற பெரிய லத்தீன் எழுத்துக்கு மேலே 'ஃபாடர் ஊரெர்' என்று பொடியாக இருக்கும். வாய்விட்டு ஒரு தடவை படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.