ஆக்சுவரி தேர்வுகள்: தொடக்கத்தில் இருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆக்சுவரி என்றால் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் அபாயத்தையும் செலவையும் கணக்கிடுபவர். இந்திய ஆக்சுவரிகள் கழகத்தின் (ஐஏஐ) 13 பாடங்களையும் முடிக்க எனக்கு ஒன்பது வருடம் ஆனது. சீக்கிரம் முடிக்கும் ரகசியத்தை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்!

அக்கா, பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம். ஏசெட் நுழைவுத் தேர்வில் பாஸ். முதலில் எந்தப் பேப்பர் எழுதட்டும்?

சிஎஸ்1, அதாவது புள்ளியியல் பேப்பர். கல்லூரியில் நிகழ்தகவும் புள்ளியியலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதிவிடுங்கள், பாதி வேலை மிச்சம். அதில் 'பி' பேப்பர் கணினியில் ஆர் (R) என்ற நிரல் மொழியில் செய்வது. அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளியவர்கள் வழுக்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன். கூடவே ஒன்று வேண்டுமென்றால் சிபி2, பொருளாதாரம். ஏசெட் பாஸ் மூன்று வருடம்தான் செல்லும். அதற்குள் மாணவர் உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள்.

ஆறு பேப்பர் முடித்துவிட்டேன், இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஏழாவதையும் எழுதிவிட்டால் கூப்பிடுவார்களா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல இடங்களில் பேப்பர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சம்பளம் வைக்கிறார்கள். ஆனால் முதல் வருடம் நீங்கள் செய்யப்போவது இரண்டு பேப்பர் முடித்தவர் செய்யும் அதே வேலை: பாலிசி டேட்டாவைச் சரிபார்ப்பது, எக்செல், போன காலாண்டுக்கும் இந்தக் காலாண்டுக்கும் எண் ஏன் மாறியது என்று தேடுவது. ஆறு பேப்பருக்கான சம்பளம் கொடுத்து அனுபவமில்லாதவரை ஏன் எடுக்க வேண்டும் என்று மேலாளர் யோசிப்பார். இது நியாயமா என்றால், இல்லை. ஆனால் நடப்பது இதுதான்.

அதனால் ஒரு தேர்வுச் சுற்றை விட்டுவிட்டு, கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது ஊழியருக்குக் கொடுக்கும் பணிக்கொடை) மதிப்பீடு ஒன்றை நீங்களே செய்து பாருங்கள். கற்பனையாக 50 ஊழியர்கள்: வயது, சேவைக்காலம், சம்பளம். ஒரு வருடச் சேவைக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு. சம்பள உயர்வுக்கும் வேலையை விட்டுப் போகிறவர்களுக்கும் அனுமானம் வையுங்கள். இறப்புக்கு 2012-14 இந்திய ஆயுள் காப்பீட்டு இறப்பு விகித அட்டவணை, தள்ளுபடி விகிதத்துக்கு (வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்கு மாற்றும் விகிதம்) அரசுப் பத்திரங்களின் வருவாய். எக்செலில் முடித்துவிட்டு, அப்புறம் அதையே ஆரில் எழுதுங்கள். இரண்டு விடையும் முதல் தடவையிலேயே ஒத்துப்போகாது. ஏன் என்று கண்டுபிடிக்கும்போது கற்றுக்கொள்வதுதான் நேர்முகத்தில் பேச உதவும். தள்ளுபடி விகிதத்தை 1% குறைத்தால் லயபிலிட்டி (நிறுவனம் கொடுக்க வேண்டிய தொகையின் இன்றைய மதிப்பு) ஏன் ஏறுகிறது, யாருக்கு அதிகம் ஏறுகிறது, இளைஞருக்கா ஓய்வுக்கு நெருங்கியவருக்கா? இதைக் காகிதம் இல்லாமல் வாயால் விளக்க முடிந்தால் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சிஎம்2 (நிதி மாதிரிகள் பற்றிய பேப்பர்) இரண்டு முறை போய்விட்டது. எனக்கு இது ஒத்துவராதோ?

எனக்கு சிஎஸ்2 (அபாய மாதிரிகள் பற்றிய பேப்பர்) மூன்று முறை போனது. மூன்றாவது முறை ரிசல்ட் வந்த அன்று அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நோட்ஸைத் திரும்பத் திரும்பப் படித்ததுதான் நான் செய்த தவறு. நான்காவது முறை, கழகம் வெளியிடும் பழைய வினாத்தாள்களை மட்டும் கடிகாரம் வைத்து எழுதினேன். மாதிரி விடைகளும் அங்கேயே கிடைக்கும். எங்கே இரண்டு மார்க், எங்கே எட்டு மார்க் என்பது அப்போதுதான் கைக்குப் பழகியது.

சார், எஸ்ஓஏவா (அமெரிக்காவின் ஆக்சுவரி சங்கம்), ஐஏஐயா?

சார் இல்லை, அக்கா! அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்யும் குழுவில் சேர நினைத்தால் எஸ்ஓஏ. அங்கே பி (P, நிகழ்தகவு), எஃப்எம் (FM, நிதிக் கணிதம்) இரண்டிலும் தொடங்கலாம், இரண்டுமே விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைதான். இந்தியக் காப்பீட்டு நிறுவனத்தில் நியமன ஆக்சுவரியாக (நிறுவனத்தின் ஆக்சுவரி கணக்குகளுக்குச் சட்டப்படி பொறுப்பானவர்) கையெழுத்துப் போடும் கனவு இருந்தால் ஐஏஐ. இரண்டிலும் ஒவ்வொரு கால் வைப்பது காசுக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். ஸ்டடி லீவ் கேட்க கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாதீர்கள், ஆனால் நேரம் பார்த்துக் கேளுங்கள். மார்ச் கணக்கு முடிப்பு நடுவில் போய் நிற்காதீர்கள். எத்தனை நாள், தேர்வுக் கட்டணம் யார் பொறுப்பு, ஃபெயிலானால் அடுத்த முறை உண்டா என்று மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். நான் வாய்வார்த்தையை நம்பினேன். மேலாளர் மாறினார், லீவும் போயிற்று.